ஒட்டுகிற மண்ணும் ஒட்டாத ஜெல்லும்

என் ஆராய்ச்சி என்னவென்று அம்மாவுக்குப் புரியவைக்கக் கடைசியில் புதுச்சேரி பஸ்தான் உதவியது. திண்டிவனத்திலிருந்து தினமும் ஆய்வகத்துக்கு அதில்தான் போகிறேன். கிளியனூர் தாண்டும்வரை உட்கார இடம் கிடைக்காது.

"பிடிச்சுக்கக் கம்பியே இல்லாத பஸ்ல நின்னுக்கினு போனா எப்படிம்மா இருக்கும்? அதான் எங்க ஜெல்லு" என்றேன். பஞ்சிலும் கரும்புச் சக்கையிலும் இருக்கிற செல்லுலோஸிலிருந்து செய்வது அது. புண்ணை ஈரமாக வைத்திருக்கும், உறுத்தாது. ஆனால் உடம்பின் செல்கள் அதில் நிற்காமல் வழுக்கிவிடும். அவை பிடித்துக்கொள்வதற்காகப் பெப்டைடு என்கிற சின்னப் புரதத் துணுக்கை ஜெல்லோடு சேர்க்கிறோம். அதுதான் கம்பி.

"கம்பி வெச்சியே, ஒட்டிச்சா?"

"இன்னும் இல்ல."

"உடம்பெல்லாம் எண்ணெயப் பூசிக்கினு உருண்டாலும் ஒட்டற மண்ணுதான்டி ஒட்டும்."

கிண்டல்தான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. மூக்குக்கு மேல் கோபம் எனக்கு, அம்மாவிடமென்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அம்மாவுக்கு இட்லிக் கடை. மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையில் அவள் அரைக்கும் சட்னிக்காகவே பஸ்ஸைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. ஒருநாள் இட்லி அண்டா சரிந்து கொதிநீர் அவள் வலது பாதத்தில் கொட்டிவிட்டது. சர்க்கரை உடம்பு, வாரக்கணக்கில் ஆறவில்லை. விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தொடையிலிருந்து தோல் எடுத்துப் பாதத்தில் வைப்பதாக டாக்டர் சொன்னார். ஒட்டாமல் போனால் பாதத்தையே எடுக்க வேண்டி வரலாம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

"உன் ஜெல்ல ஒரு டப்பாவுல எடுத்தாந்து தடவேன்டி" என்றாள் அம்மா.

"இன்னும் எலிக்கே போட்டுப் பாக்கலம்மா."

"எலி மெதுவா வரட்டும். மொதல்ல எனக்குப் போடு."

சிரித்துவிட்டேன். ஆனால் ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, கிண்டல் இல்லாமல், "ஒட்டற மண்ணுதான் ஒட்டும். நீ போயி உன் வேலையப் பாரு" என்றபோது என்னால் தாங்க முடியவில்லை.

"ஒட்டாதத ஒட்டவெக்கிறதுதாம்மா என் வேலையே!" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

பக்கத்துக் கட்டில் அக்காதான் என்னை அமர்த்தினார். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டும்போது காலில் கத்தி பட்டு, புண் பெரிதாகி வந்தவர். அவருக்கும் அதே ஆபரேஷன்தான். "நீ லேபுக்குப் போம்மா. அம்மாவ நான் பாத்துக்கறேன்" என்றார்.

சொன்னபடியே பார்த்துக்கொண்டார். இருவருக்கும் ஆபரேஷன் முடிந்த பிறகு, தன் காலையே அசைக்கக் கூடாத நிலையில், படுத்தபடியே அம்மாவின் டிரிப்ஸைக் கவனித்தார், குரல் கொடுத்து நர்ஸை வரவழைத்தார், அம்மாவை மிரட்டி மாத்திரை விழுங்க வைத்தார். உறவும் இல்லை, ஒரே ஊரும் இல்லை. இன்றைக்கும் அவரை நினைத்தால் நெஞ்சு நிறைந்துபோகிறது.

அம்மாவின் கட்டைப் பிரித்த அன்று நான் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். நர்ஸ் உப்புநீரை ஊற்றி ஊற்றி, துணியை மெல்ல மெல்ல உரித்தார்.

"ஒட்டிக்கிச்சும்மா. கலரு நல்லா இருக்குது."

அந்தப் பாதத்தில் என் ஜெல் ஒரு துளிகூட இல்லை. அது தேவைப்படாமல் போனதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன், அழுதேன், பிறகு சத்தமாகச் சிரித்தேன்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"மெதுவாடி. காலைல அவங்க கட்டையும் பிரிச்சாங்க. ஒட்டல."

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அம்மா அவர் முதுகையே பார்த்தாள். பிறகு என் காதருகே சொன்னாள்:

"அந்த ஜெல்ல ஜல்தியா பண்ணுடி."