ஒரே வாய் வைத்த பை

என் மகள் என்னை மலைக்குக் கூப்பிட்டாள் என்று கம்பெனியில் எங்கள் லைனில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவளும் அவளுடைய காலேஜ் தோழிகள் இரண்டு பேரும் போக ஆசைப்பட்டார்கள். பெரியவர்கள் யாராவது கூட வந்தால்தான் அனுப்புவோம் என்று அந்தப் பெண்களின் வீடுகளில் சொல்லிவிட்டார்கள். ஒருத்தியின் அம்மாவுக்கு முட்டிவலி, இன்னொருத்தியின் அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச். மிச்சம் இருந்தது நான். ஆக, காவலுக்குத்தான் போனேன். ஆனாலும் எனக்கு வாயெல்லாம் பல். பிளஸ் டூ முடித்ததிலிருந்து அவள் என்னை எங்கேயும் கூட்டிக்கொண்டு போனதில்லை. காலேஜ் விழா வந்தால்கூட, "உனக்கு ஷிப்ட் இருக்கும்மா, நீ எதுக்கு" என்று அவளே முடிவு கட்டிவிடுவாள். அவள் தலைகுனியும்படி எதுவும் செய்யாமல் இந்த ஒரு தடவை நல்லபடியாகப் போய்வந்தால், அடுத்த தடவை காவலுக்கு என்றில்லாமல் எனக்காகவே கூப்பிடுவாள் என்று மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

அவர்கள் மலை ஏறுவது சும்மா இல்லை. அதில் ஒரு விளையாட்டு இருக்கிறது. யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு சின்ன டப்பாவை ஒளித்து வைத்துவிட்டு, இடத்தை ஒரு ஆப்பில் போட்டுவிடுகிறார். போனைப் பார்த்துக்கொண்டே போய் நாம் தேட வேண்டும். கிடைத்தால், உள்ளே இருக்கும் காகிதச் சுருளில் பெயரை எழுதலாம். டப்பாவில் கிடக்கும் சின்னச் சாமான் ஒன்றை எடுத்துக்கொண்டு நம்முடையது ஒன்றைப் போடலாம். பிறகு டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். ஜியோகேஷிங் என்று பேர்.

"இதுக்கா மலை ஏறணும்? நம்ம வூட்ல தெனமும் வண்டிச் சாவியத் தேடறோமே, அது பத்தாதா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

மலைக்கு எடுத்துப்போக வீட்டில் பை இல்லாமல் இல்லை. நாங்கள் வல்லக்கோட்டைப் பக்கம் இருக்கிறோம். நான் போனுக்குள் வைக்கிற பொடிப்பொடிச் சாமான்கள் செய்யும் கம்பெனியில் சரிபார்க்கிற வேலையில் இருக்கிறேன். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அங்கே ஸ்வீட் பாக்ஸோடு ஒரு பையும் கொடுப்பார்கள். முதுகுப் பக்கம் கம்பெனி பேர் கொட்டை எழுத்தில் இருக்கும். காலையில் எங்கள் ரோட்டில் நின்று பார்த்தால் யார் எந்தக் கம்பெனி என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

"அந்தக் கம்பெனிப் பைய மட்டும் எடுத்துக்கினு வராதம்மா," என்றாள் மகள்.

"ஏன், அதுக்கு இன்னா கொறச்சல்?"

"கொறச்சல் ஒண்ணும் இல்ல. வேற வாங்கிக்கலாம், வா."

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பையில்தான் அவளுடைய ஸ்கூல் புத்தகமெல்லாம் போய்வந்தது. ஆனால் அடுத்த தடவைக்கான கணக்கு மனசில் இருந்ததால் வாயைத் திறக்காமல் அவள் பின்னால் ஸ்ரீபெரும்புதூர் கடைக்குப் போனேன்.

கடையில் இருந்த பெண் பைகளை எடுத்து எடுத்துப் போட்டாள். மகள் ஒவ்வொன்றையும் முதுகில் மாட்டி, குனிந்து நிமிர்ந்து பார்த்தாள். நன்றாக விசாரித்து வைத்திருக்கிறாள் என்று தெரிந்தது. ஒரு பகல் பொழுதுக்குத்தானே, பெரிய பை வேண்டாம் என்றாள். ஆனால் பையை இறக்காமலே பாட்டிலை எடுக்கிற மாதிரி பக்கவாட்டில் வலைத்துணி வேண்டுமாம். பேனா, டார்ச், டப்பாவில் போடுகிற சில்லறைச் சாமான் எல்லாம் தேடாமல் கைக்கு வர முன்னால் சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் வேண்டுமாம். தோள் மட்டும் சுமக்காமல் பாரம் இடுப்பில் உட்கார ஒரு பெல்ட்டும் இருந்தால் நல்லது என்றாள்.

நான் அதையெல்லாம் காதில் வாங்காமல் என் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை உள்ளே விட்டு எத்தனை அறை என்று தடவினேன். இரும்புக் கொக்கி வைத்ததைத் தள்ளினேன். உள்துணி கறுப்பாக இருந்ததையும் தள்ளினேன். கடைசியில் ஒன்று கையில் கிடைத்தது. ஒரே வாய், ஒரே ஜிப். இழுத்தால் அடிவரைக்கும் பளிச்சென்று தெரிந்தது.

"இது நல்லா கீது," என்றேன்.

"அம்மா, இதுல ஒரு பாக்கெட்கூட இல்ல."

"அதான் நல்லது. அத்தினி ஜிப்பையும் எவ தொறந்து தொறந்து காட்டிக்கினு நிப்பா?"

"யாருக்குக் காட்டணும்?"

கடைப்பெண்ணும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். செக்கிங்குக்கு என்ற சொல் தொண்டை வரை வந்ததை முழுங்கினேன். எங்கள் கம்பெனி கேட்டில் பையை மேஜைமேல் வைத்துத் திறந்து காட்ட வேண்டும். பாக்கெட் அதிகம் உள்ளவள் பின்னால் வரிசையில் நிற்கவே கூடாது என்பது எங்கள் பெண்களுக்கு அத்துப்படி. அவள் ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்து முடிப்பதற்குள் கம்பெனி பஸ் போய்விடும். கொக்கி இருந்தால் மெஷின் கத்தும். உள்ளே கறுப்பாக இருந்தால் டார்ச் அடித்துத் துழாவுவார்கள். மலைக்குப் பை வாங்க வந்த இடத்திலும் என் கை இதைத்தான் தேடியிருக்கிறது. வெட்கமாகப் போய்விட்டது. வெட்கப்பட்டால் எனக்குக் கோபம் வரும், அது என் பிறவிக்குணம். "முதுகு என்னுதா, உன்னுதா?" என்று கேட்டு அந்தப் பையையே வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போனோம். தோழிகள் ரயிலில் வந்து இறங்கினார்கள். "ஆன்ட்டி, பை சூப்பர்," என்று ஒருத்தி மரியாதைக்குச் சொன்னாள். மகள் வேறு பக்கம் பார்த்தாள்.

ஊரைத் தாண்டிப் புதரும் பாறையுமாக ஒரு சின்ன மலை. ஏற ஆரம்பித்ததுமே பை தன் வேலையைக் காட்டியது. எலுமிச்சைச் சாத டப்பா, தண்ணீர், குடை எல்லாம் ஒன்றாகக் கீழே போய் உட்கார்ந்துகொண்டு பின்னுக்கு இழுத்தன. தண்ணீர் கேட்டபோதெல்லாம் நின்று, இறக்கி, குடையை வெளியே எடுத்தால்தான் பாட்டில் வந்தது. பெண்கள் எனக்காக நின்று நின்று போனார்கள். "பரவால்ல ஆன்ட்டி, மெதுவா வாங்க," என்று சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு கூசியது. அவர்கள் பேச்சு முழுக்க அடுத்த மாசம் காலேஜுக்கு ஆள் எடுக்க வரப்போகிற கம்பெனிகளைப் பற்றித்தான். அதில் என் கம்பெனியும் ஒன்று. மகள் அதன் இன்டர்வியூவுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். அம்மா லைனில், மகள் ஆபீசில் என்று தெருவில் பாதிப் பேரிடம் நான் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

டப்பாவை மகள்தான் கண்டுபிடித்தாள். இரண்டு பாறைக்கு நடுவே, கல்லை வைத்து மூடியிருந்தது. மூன்று பேரும் குதித்தார்கள். நானும் கத்தினேன், எனக்கே அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. "அம்மா, பேனா!" என்றாள். பேனா அடியில் கிடந்தது. பையைக் கீழே வைத்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கீழே புதர்ப் பக்கமிருந்து ஒரு குரல். "யாரும்மா அது? இன்னா பண்றீங்க அங்க?"

திரும்பினேன். காக்கிச் சட்டை, கையில் கம்பு. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கப்புறம் நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல முடியாது, என் உடம்பு செய்தது. பையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். வாயை அகலத் திறந்து காட்டினேன். பின்னால் தள்ளி நின்று, காலை அகட்டி, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தேன். அவர் ஒன்றும் பேசாமல் நின்றார். முன்பக்கம் முடிந்தது போலிருக்கிறது என்று அப்படியே திரும்பி முதுகையும் காட்டினேன்.

திரும்பியதில் பெண்கள் மூன்று பேரும் எனக்கு நேர் எதிரே இருந்தார்கள்.

"ஐயே, இன்னாம்மா நீ? மொதல்ல கைய எறக்கும்மா," என்றார் அவர் பின்னாலிருந்து. "ஆடு ஒண்ணு இப்பிடி மேல வந்துச்சு. பாத்தீங்களான்னு கேக்க வந்தேன். நான் ஆட்டோ ஓட்டறவன்மா."

ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். இன்னொருத்தி அடக்கப் பார்த்து முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர்கள் மேல் தப்பில்லை, யாராக இருந்தாலும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டிருந்தால் அத்தோடு போயிருக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போல இருந்தது. அவர் ஆட்டைத் தேடிக்கொண்டு போய்விட்டார், போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மகள் டப்பாவைக் கல்லுக்கடியில் வைத்தாள், வெளியே கிடந்ததையெல்லாம் பையில் போட்டாள், ஜிப்பை இழுத்து மூடித் தன் தோளில் மாட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள். காகிதச் சுருளில் யாரும் பெயர் எழுதவில்லை.

ஸ்டேஷன் வரைக்கும் அவள் என்னோடு பேசவில்லை. போச்சு, இனி ஜென்மத்துக்கும் கூப்பிட மாட்டாள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். தோழிகள் ரயிலேறிய பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவுக்காக நின்றோம்.

"உன் பிரெண்டுங்க எதிர்ல உன் மானத்த வாங்கிட்டேன்," என்றேன். "அடுத்த தபா நான் வரலடி. வேற யாரையாவது கூட்டிக்கினு போங்க."

"அது இல்லம்மா," என்றாள். பையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு, "தெனமும் அப்பிடித்தான் நிப்பியா?" என்று கேட்டாள்.

"ஆமா. உள்ள போறப்பவும், வெளிய வர்றப்பவும்."

"அந்த ஆளு சொல்லாமயே திரும்புனியே."

"அங்கயும் யாரும் சொல்ல மாட்டாங்க. க்யூ பெருசு. நாமளே திரும்பிட்டா சட்டுனு முடியும்." சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, கை தேர்ந்த வேலையைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

"எங்கல்லாம் கை வெப்பாங்க?"

அக்குளை, இடுப்பை, காலைக் காட்டினேன். "பொம்பளதான் செக் பண்ணுவா. திரை போட்டிருக்கும்."

"பீரியட்ஸ் டயத்துல பையில பேடு இருந்தா?"

"அதையும் எடுத்துத்தான் பாப்பாங்க. பொடிப்பொடிச் சாமான்டி, எதுல வேணா ஒளிச்சி வெச்சி எடுத்துக்கினு போயிடலாமில்ல." கம்பெனிக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

"உனக்குக் கூச்சமா இல்லியாம்மா?"

"மொதல்ல இருந்துச்சி. அப்பறம் பழகிடுச்சி."

அவள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்றுதான் இன்னமும் எதிர்பார்த்தேன்.

"எனக்கும் அப்பிடித்தானே?" என்றாள்.

அவள் கேட்டதும், அந்தத் திரைக்குப் பின்னால் அவள் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. கையை விரித்து, காலை அகட்டி, யாரும் சொல்லாமலே திரும்பி. யாரோ ஒருத்தியின் கை அவள் இடுப்பைத் தடவிக்கொண்டு இறங்குகிறது. என் பெண்ணைத் தொடாதே என்று கத்த வேண்டும் போல இருந்தது. இத்தனை வருஷமாக என்னைத் தொட்டபோது எனக்காக ஒரு நாள்கூட அப்படித் தோன்றியதில்லை. மலையில் பட்டதைவிட இது பெரிய வெட்கமாக இருந்தது. அத்தனை பேர் நடக்கிற ரோட்டில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அவள் முதலில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு, நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

"சொல்லும்மா. ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கும் உண்டா?"

"எல்லாருக்கும் உண்டு," என்றேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.