நாலு புள்ளி ஏழு சென்டிமீட்டர்

கணக்கு டீச்சருக்குக் கை நடுங்கத் தொடங்கியதைக் கரும்பலகைதான் முதலில் காட்டிக் கொடுத்தது. நேர்கோடு போட்டால் புழுவாக நெளிந்தது. மாத்திரை சாப்பிட்டால் குறையும், அடியோடு போகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பசங்களாவது சிரித்துத் தொலைத்திருக்கலாம். பாவம் பார்த்து அமைதியாக இருந்தார்கள். அதுதான் டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் செய்கிற அநியாயத்துக்குப் பதில் சொல்வது இருக்கிறதே, அது பெரும்பாடு.

"பத்தாம் வகுப்புக்கு வரைபடம் நிறைய வருது டீச்சர். நீங்க நூலகத்தைப் பாத்துக்கங்களேன், நிம்மதியா இருக்கலாம்."

"நிம்மதி வேணும்னு நான் எப்ப சார் கேட்டேன்?"

பேசிப் பேசிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவர் ஒரு பாடத்தைப் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். ஒழுங்காக நடந்தால் வகுப்பு டீச்சருக்கு, சொதப்பினால் நூலகம்.

டீச்சர் கணினி அறையே கதியென்று கிடந்தார். வரைபடம் போட இலவச மென்பொருள் ஒன்று இருந்தது. சமன்பாட்டைத் தட்டினால் போதும், துளி நெளிவில்லாமல் கோடு விழும். பயிற்சித்தாளும் அதிலேயே தயாரிக்கலாம். ஆனால் சும்மா வந்துவிடுமா? சுட்டியைப் பிடித்தால் கை நடுங்கிப் புள்ளியை எங்கேயோ இழுத்துக்கொண்டு போனது. "போடா சரிதான்" என்று சுட்டியை ஓரங்கட்டிவிட்டு, ஒவ்வொரு புள்ளியையும் எண்ணாகவே தட்டினார். வட்டம் முட்டையாக வந்தது. இரண்டு அச்சுக்கும் ஒரே அளவு வைக்க வேண்டும் என்பது பிடிபடுவதற்குள் பாதி உயிர் போய்விட்டது.

"ஏம்மா, பரீட்சை பசங்களுக்கா உனக்கா?" என்று சீண்டினார் எலக்ட்ரீஷியன் கணவர்.

"எனக்குத்தான். வாயை மூடிட்டு வெங்காயத்தை நறுக்குங்க."

அந்த நாளும் வந்தது. பின்பெஞ்சில் தலைமையாசிரியர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள். அதில் ஒரு சென்டிமீட்டர் கட்டங்கள், இரண்டு புள்ளிகள். புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரத்தைச் சூத்திரத்தால் கண்டுபிடித்து, பிறகு ஸ்கேலால் அளந்து சரிபார்க்க வேண்டும். சூத்திரம் ஐந்து என்றது.

"டீச்சர், எனக்கு நாலு புள்ளி ஏழுதான் வருது" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி.

"எனக்கும் டீச்சர்!" நாலா பக்கமும் குரல். ஒரு பையன் அவசரமாக ரப்பரால் அழித்து ஐந்து என்று திருத்திக்கொண்டிருந்தான்.

பின்பெஞ்சு மனிதர் பேனாவைத் திறந்தார். முடிந்தது கதை என்றுதான் டீச்சருக்குத் தோன்றியது. அடுத்த கணமே வீம்பு தலைதூக்கியது. இவ்வளவு பேரும் ஒரே மாதிரி தப்பாக அளப்பார்களா என்ன?

"டேய், எதுக்கு அழிச்ச? நீ அளந்தது சரி. பழையபடி எழுது. எல்லாரும் பத்துக் கட்டத்தைச் சேத்து அளங்க, எவ்வளவு வருது?"

"ஒன்பது புள்ளி நாலு டீச்சர்!"

"அப்ப அஞ்சு கட்டம்?"

வாயே திறக்காத மூலைப்பையன் எழுந்தான். "நாலு புள்ளி ஏழு. அப்ப விடை அஞ்சுதான் டீச்சர். தாள்தான் சுருங்கிப்போச்சு!"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு டீச்சருக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா!

தலைமையாசிரியரும் ஸ்கேல் கேட்டு வாங்கி அளந்து பார்த்தார். "அப்ப தப்பு உங்க தாள்லதானே டீச்சர்?"

"ஆமா சார். அச்சடிக்கும்போது பக்கத்துக்குள்ள அடங்கற மாதிரி சுருக்கற வசதி ஒண்ணு இருக்கு. அதை நிறுத்த மறந்துட்டேன். தப்பு என்னோடதுதான். என் கையோடது இல்ல."

அவர் பேனாவை மூடினார். "நூலகத்துக்கு நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று முணுமுணுத்தபடி எழுந்தார்.

"உக்காருங்க சார், இன்னும் மணி அடிக்கல" என்றார் டீச்சர்.