றஸாக் மாஸ்டரின் இரவல் கோபம்

சாய்ந்தமருது றஸாக் மாஸ்டரிடம் ஜப்பான் என்ற ஒரு பேரை மட்டும் எடுக்கக்கூடாது. மற்றபடி ஆள் தங்கமான மனிசன். பகலில் வெல்டிங் கடை, பின்னேரம் கடற்கரைப் பக்கத்துக் கொட்டகையில் தைக்வொண்டோ வகுப்பு. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குக் காலைத் தூக்கி உதைக்கப் பழக்கியவர் அவர்தான். பிள்ளைகள் வீட்டில் சட்டி பானையை உதைத்தால் உம்மாமார் ஏசுவதும் அவருக்குத்தான்.

வாலிபத்தில் கொரியாவில் இரும்புத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அந்த முதலாளியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் மாஸ்டர் இப்பவும் லேசில் நிறுத்தமாட்டார். தொழுவதற்கென்று சாமான் அறையின் ஒரு மூலையைக் கூட்டிப் பாய் போட்டுக் கொடுத்தவர். பன்றி இறைச்சி சேராத கிண்ணம் எது என்று தானே பார்த்து, அதை றஸாக்கின் பக்கம் தள்ளி வைப்பவர். வேலை முடிந்தால் தான் போகிற பழைய பயிற்சிக்கூடத்துக்கு இவரையும் கூட்டிப்போய்த் தைக்வொண்டோ பழக்கியவரும் அவர்தான். பெத்த வாப்பாவுக்கு அடுத்தது அவர் என்று மாஸ்டர் வாய் கூசாமல் சொல்வார்.

ஒருநாள் அந்த முதலாளி தன் தகப்பனின் கதையைச் சொல்லியிருக்கிறார். ஜப்பான்காரன் கொரியாவை ஆண்ட காலத்தில் பொலிஸ்காரன் அடித்த அடியில் தகப்பனுக்கு ஒரு காது கேளாமலே போய்விட்டதாம். றஸாக் அன்று அழுதுவிட்டார். அன்று பிடித்த கோபம்தான். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகத் தன் ஹொண்டா மோட்டார் சைக்கிளை விற்றார். கடையில் ஜப்பான் மெஷின் வாங்கமாட்டார். வீட்டுக்கு ஜப்பான் காற்றாடி வந்தபோது, வியர்த்து ஊற்றினாலும் அதற்குக் கீழே படுக்கமாட்டேன் என்று வாசலில் பாயைப் போட்டார். அவர் மனைவி கமீலா சும்மா விடுவாவா? ஊரில் ஆக்கள் காசைக் கடன் வாங்குவார்கள், இந்த மனிசன் கோபத்தை அல்லவா கடன் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்று அண்டை அயலெல்லாம் சொல்லிச் சிரித்தா.

கராத்தே என்றாலோ சொல்லவே வேண்டாம். அது ஜப்பான்காரன்ட சாமான், நம்மட கலை கொரியா மண்ணிலேயே முளைத்தது, ஒருத்தனிட்ட வாங்கினதில்லை, ஒருத்தனுக்குக் கடனுமில்லை என்று ஒவ்வொரு புது வகுப்புக்கும் முதல் பாடமாக இதைத்தான் சொல்வார்.

அவருடைய வகுப்பில் கொரியாவிலும் இல்லாத ஒரு வழக்கம் உண்டு. அங்கே தொடங்கும்போது ஆளுக்கு ஆள் குனிந்து வணக்கம் வைப்பார்கள். இங்கே அது சரிவருமா? அல்லாஹ்வுக்குத் தவிர எங்கட பிள்ளைகள் ஒருத்தருக்கும் குனியக்கூடாது என்று பெற்றோர் வந்து நின்றார்கள். மாஸ்டர் ஒரு கிழமையாய் யோசித்து, வலது கையை நெஞ்சில் வைத்துத் தலை நிமிர்ந்தபடி சலாம் சொல்லித் தொடங்குகிற முறையைக் கொண்டுவந்தார். அவர் தலையில் தோன்றிய விசயம் அது ஒன்றுதான். அதைப் பற்றி மட்டும் அவர் பெருமை அடித்ததேயில்லை.

மகள் றுஸ்தாவுக்கு மாப்பிள்ளை பேசத் தொடங்கியபோதுதான் வினை வந்தது. இந்தப் பக்கத்து வழக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். றுஸ்தாவுக்கென்று மேல்மாடி கட்டி, ஜன்னல் கம்பியெல்லாம் மாஸ்டரே வெல்டிங் செய்து முடித்து வைத்திருந்தார். வந்த சம்பந்தமும் நல்ல சம்பந்தம். நிந்தவூர் றிம்ஸான், கணித ஆசிரியர், அடக்கமான பிள்ளை. படத்தைப் பார்த்து, போனில் இரண்டொரு தரம் கதைத்து, றுஸ்தாவுக்கும் பிடித்துப்போயிற்று. எல்லாம் சரியாகி வருகிற நேரத்தில்தான் தெரிந்தது, றிம்ஸான் கராத்தேயில் கறுப்புப் பட்டி. காரைதீவுக் கேதீஸ்வரன் மாஸ்டரிடம் பழகியவர்.

மாஸ்டருக்கு அன்று சோறு இறங்கவில்லை. கமீலா கறியை ஊற்றிக்கொண்டே, கராத்தேக்காரனென்டா என்ன, அவனும் சோறுதானே தின்னுவான் என்றா.  மகளின் முகத்துக்காக மாஸ்டர், வந்து பார்க்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

றிம்ஸான் தன் உம்மாவோடும் பெரிய மாமாவோடும் வந்தார். வட்டிலப்பம் நல்லபடியாகத்தான் போயிற்று. கமீலா தேத்தண்ணியும் ஊற்றி வைத்தா. அதைக் குடிக்கும்வரைக்கும்கூட மாஸ்டருக்குக் கை சும்மா இருக்கவில்லை. எங்கட கொட்டகையையும் வந்து பாருங்கவன் என்று ஆண்களைக் கூட்டிப்போய், தன் முதலாளியோடு நின்று பழகிய முதல் அடிவரிசையைச் செய்து காட்டத் தொடங்கினார். பியோங்-ஆன் என்று அதற்குப் பேர். இடப்பக்கம் திரும்பிக் கீழே தடுத்து, ஒரு அடி வைத்துக் குத்தி, அப்படியே பின்பக்கம் திரும்புவார். உலகத்தில் அதைப்போல ஒன்று இல்லை என்பது அவருடைய எண்ணம்.

பார்த்துக்கொண்டு நின்ற றிம்ஸானின் முகம் மலர்ந்தது. பாவம், பிள்ளை சந்தோசத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்று தானும் செய்யத் தொடங்கிவிட்டது. மாஸ்டர் திரும்பினால் அவரும் திரும்பினார். மாஸ்டர் குத்தினால் அவரும் குத்தினார். ஒரு அடியும் பிசகவில்லை. மாஸ்டர் பாதியில் நின்றுவிட்டார். றிம்ஸான் நிற்காமல் மிச்சத்தையும் செய்து முடித்தார், அதுவும் சரியாகவே.

"இத எங்க களவெடுத்த?" என்று கேட்டார் மாஸ்டர்.

"களவெடுக்கல்ல மாமா. இது எங்கட ஹெய்யான். கராத்தேயில முதல் பழக்குறதே இதத்தான்."

தன் வகுப்புப் பிள்ளைகளின் போன் வீடியோவைப் பார்த்துத்தான் படித்திருக்கிறான் என்று மாஸ்டருக்குத் தலைக்கேறிவிட்டது. பெரிய மாமாவுக்கு முன்னால், வாய் தவறி அல்ல, வாய் நிறைய, கள்ளன் என்று சொல்லிவிட்டார். வந்தவர்கள் வீட்டில் ஊற்றி வைத்த தேத்தண்ணியைத் தொடாமலே போனார்கள்.

அடுத்த நாள் செய்தி வந்தது. றிம்ஸான் ஏசவில்லை, பேசவில்லை. நான் வந்து வாழப்போற வீடு அது, கள்ளனெண்டு சொன்ன வீட்டில எப்படி வாழுற என்று மட்டும் சொல்லியனுப்பியிருந்தார். அதில் என்ன பிழை? கமீலா அன்று மனிசனோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அவ ஏசியிருந்தால் மாஸ்டருக்கு லேசாக இருந்திருக்கும். றுஸ்தா அழவுமில்லை.

"வாப்பா, நீங்க அவரோட கோவிக்கல்ல. ஆரோடயோ உள்ள கோவத்த அவருக்குக் காட்டிட்டீங்க. எனக்கு அவரத்தான் புடிச்சிருக்கு" என்றாள்.

மகள் ஒன்று கேட்டு இல்லையென்று சொல்லிப் பழகாத மனிசன். பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு கொட்டகையில் தனியே இருந்து, கொரியாவில் முதலாளிக்கு வீடியோ அழைப்பு எடுத்தார். முதலாளிக்கு இப்போது தலை முழுக்க நரை. பாதி மறந்த கொரிய மொழியில் றஸாக் நடந்ததை முறைப்பாடுபோலச் சொன்னார், எங்கட பியோங்-ஆனை ஜப்பான்காரர் எடுத்துவிட்டார்கள் என்று. முதலாளி சிரித்த சிரிப்பில் போன் குலுங்கியது. அவர்கள் எடுக்கவில்லை, நாங்கள்தான் எடுத்தோம் என்றார். அந்தக் காலத்தில் ஜப்பானுக்குப் படிக்கப்போன கொரியப் பொடியன்மார் அங்கே கராத்தே பழகி, திரும்பி வந்து பயிற்சிக்கூடம் திறந்தார்கள். தன் மாஸ்டரின் மாஸ்டரும் அதில் ஒருவர். அடிவரிசை, வெள்ளை உடுப்பு, பட்டி எல்லாம் அங்கிருந்து வந்ததுதான். அந்த உயர உதைகளையெல்லாம் நாங்கள் பிறகு எங்கட பாட்டில் வளர்த்தோம். பயிற்சிக்கூடத்தில் பழையவர்கள் எல்லாருக்கும் இது தெரியுமாம்.

"எங்கப்பாவ அடிச்சது ஒரு பொலிஸ்காரன், றஸாக். இந்தக் குத்து அவர ஒண்டும் செய்யல்லயே" என்றார் முதலாளி. பிறகு, தன் மருமகள் ஜப்பான் பெண் என்றும், நன்றாகச் சமைப்பாள் என்றும் சொன்னார். மாஸ்டருக்கு அழுகையும் வந்தது, வெட்கமும் வந்தது. இத்தனை வருசம் வாசலில் வியர்த்துக்கொண்டு படுத்ததெல்லாம் எதற்காக?

சனிக்கிழமை பின்னேரம், தன் வெள்ளை உடுப்பையும் கறுப்புப் பட்டியையும் போட்டுக்கொண்டு காரைதீவுக்குப் போனார். கேதீஸ்வரன் மாஸ்டரின் வகுப்பு தொடங்கப்போகிற நேரம். றிம்ஸான் முன்வரிசையில் நின்றார். றஸாக் மாஸ்டர் ஒருவரோடும் கதைக்காமல், கடைசி வரிசையில், புதிதாகச் சேர்ந்த வெள்ளைப் பட்டிக் குழந்தைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். கேதீஸ்வரன் பார்த்தார். பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வகுப்பைத் தொடங்கினார்.

தமிழ்ப் பிள்ளைகள் குனிந்து வணங்கினார்கள். முஸ்லிம் பிள்ளைகள் குனியவில்லை. தலை நிமிர்ந்து, வலது கையை நெஞ்சில் வைத்தார்கள். முன்வரிசையில் றிம்ஸானும் அப்படியே நின்றார்.  றஸாக் மாஸ்டரின் கை நெஞ்சுக்குப் போக மறந்தே போயிற்று.

பிறகு எல்லாரும் சேர்ந்து ஹெய்யான் செய்தார்கள். அவரும் செய்தார். ஒரு அடியும் பிசகவில்லை.

முடிந்ததும் நேரே கேதீஸ்வரனிடம் போய், அந்தக் கை வைக்கிற பழக்கம் எங்கே எடுத்தது என்று கேட்டார். கேதீஸ்வரன் பட்டியை அவிழ்த்துக்கொண்டே சிரித்தார்.

"உங்கட வகுப்பிலதான் மாஸ்டர். எங்களிட்ட வந்த முஸ்லிம் பிள்ளையள் குனியப் பயந்து நிண்டுதுகள். உங்கட கொட்டகையப் பாத்துப் படிச்சன். உங்களக் கேக்காம எடுத்ததுக்குக் கோவிக்காதீங்க."

 றிம்ஸான் வந்து பக்கத்தில் நிற்பது றஸாக் மாஸ்டருக்குத் தெரிந்தது. திரும்பி அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"மகன், நான் சொன்ன சொல்லத் திருப்பி எடுக்கேலாது" என்றார் தரையைப் பார்த்து. "வீட்ட வருவீங்களா?"

றிம்ஸான் கையை நெஞ்சில் வைத்தார்.

"நாங்களும் கள்ளர்தான் மாமா. மாமிட்டச் சொல்லுங்க, அண்டைக்கி வச்ச தேத்தண்ணிய நான் இன்னும் குடிக்கல்ல எண்டு."