ஒரே நேரத்தில் போன கரண்ட்

நான் செய்யும் வேலையைப் பற்றி எங்கள் தெருவில் யாரிடமும் பேச முடியாது. குழாயில் தண்ணீர் வராததைப் பேசலாம், ரேஷன் கடை திறக்காததைப் பேசலாம், யார் வீட்டுப் பெண்ணை அரியூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று பேசலாம். கணினியில் நிரல் எழுதுகிறேன் என்றால், "ஓ, பொட்டி தட்டுற வேலையா?" என்று கேட்டுவிட்டு, கல்யாணப் பேச்சுக்குத் தாவிவிடுவார்கள். அதிலும் நான் எழுதுவது ஃபங்ஷனல் என்கிற தனி வகை நிரல் மொழி ஒன்றில். நிரல் எழுதுகிறவர்களே பாதிப் பேர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

வேலை கொடுத்திருப்பது வெளிநாட்டிலிருக்கும் ஒரு சின்ன நிறுவனம். அலுவலகம் என்பது பாகூரில் எங்கள் வீட்டு முன்னறை. ஒரு பிளாஸ்டிக் மேசை, ஒரு மின்விசிறி, எப்போதும் சூடாக இருக்கும் ஒரு மடிக்கணினி. கூட வேலை செய்பவர்களை எப்போதாவது திரையில் பார்ப்பேன். அவர்கள் கையசைப்பார்கள். நானும் அசைப்பேன். அதோடு திரை கறுத்துவிடும். வீட்டிலேயே இருந்து சம்பாதிக்கிறாள், கொடுத்துவைத்தவள் என்று ஊரில் சொல்கிறார்கள். எனக்கு அந்த அறையில் சில நாள் மூச்சு முட்டும்.

அந்த மொழியின் முதல் குணம் சோம்பேறித்தனம். நான் திட்டவில்லை, அந்த மொழிக்காரர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வதுதான். ஒரு வேலையைச் சொன்னால் உடனே செய்யாது. அதன் விடை எங்காவது தேவைப்பட்டால்தான் எழுந்து செய்யும். இது தெரியாமல் ஆரம்பத்தில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னேன், படிக்கச் சொன்னேன், மூடச் சொன்னேன். பிறகு, சரி, படித்ததைக் காட்டு என்றால், கோப்பு மூடியிருக்கிறது, படிக்க முடியாது என்கிறது. அப்படியென்றால் முதலில் படித்தது என்ன? முட்டி மோதிப் பார்த்துவிட்டு, அந்த மொழிக்காரர்கள் கேள்வி பதில் எழுதிக்கொள்ளும் இணைய மன்றத்தில் போய்க் கேட்டேன்.

அங்கே நீ யார் என்று யாரும் கேட்பதில்லை. எந்தப் பதிப்பு வைத்திருக்கிறாய், பிழைச் செய்தியை முழுதாகப் போடு, பிழை தெரிகிற அளவுக்கு மட்டும் நிரலைச் சுருக்கிக் காட்டு. இவ்வளவுதான் கேட்பார்கள். பிறந்ததிலிருந்து யார் வீட்டுப் பெண், எந்த ஊர் என்ற கேள்விகளுக்கே பதில் சொல்லி வளர்ந்த எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. என் கேள்விக்கு முதல் பதில் எழுதியது மீன் படம் வைத்திருந்த ஒரு ஆள். "நீ கதவைப் பூட்டிய பிறகுதான் அது செருப்பையே மாட்டுகிறது. படித்து முடிக்கும்வரை பூட்டாதே" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, பொட்டியப் பாத்து சிரிக்கிற?"

"ஒண்ணும் இல்லம்மா."

சொன்னால் புரியாது என்பதல்ல. அந்தச் சிரிப்பை விளக்கி முடிப்பதற்குள் அது சிரிப்பாக இருக்காது.

அதற்குப் பிறகு அந்த மீனும் நானும் மன்றத்தின் அரட்டைப் பக்கத்தில் தினமும் பேசிக்கொள்ள ஆரம்பித்தோம். நான் யாருக்காவது தப்பாகப் பதில் எழுதினால் உடனே வந்து காலை வாரும். அது வளவளவென்று எழுதினால் நான் வெட்டிச் சுருக்குவேன். ஏதோ ஒரு குளிர் நாட்டில், தாடி வைத்த ஆள் ஒருவர் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். அப்போதும் எனக்கு ஒரு குறை இருந்தது. ஒருத்தர், ஒரே ஒருத்தர், என் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் தமிழில் பேச வேண்டும். வேறு எந்த ஆசையும் எனக்கு அந்த அளவுக்கு இருந்ததில்லை.

எங்கள் பக்கம் பராமரிப்பு வேலை என்று அவ்வப்போது காலையில் கரண்டை நிறுத்திவிடுவார்கள். நான் கைப்பேசி இணையத்துக்கு மாறிக்கொள்வேன். அப்படி ஒரு நாள் கரண்ட் போனபோது, அரட்டைப் பக்கத்தில் மீன் படத்தின் ஓரத்திலிருந்த பச்சைப் புள்ளியும் அணைந்தது. மதியம் மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் புள்ளியும் வந்தது. தற்செயல் என்று விட்டுவிட்டேன். பிறகு மழைக்காலம் வந்தது. எங்கள் ஊரில் காற்றடித்தால் கரண்ட் போகும், போய் வரும், வந்து போகும். ஒவ்வொரு தடவையும் அந்தப் புள்ளி கூடவே அணைந்தது, கூடவே வந்தது. குளிர் நாட்டுத் தாடிக்காரர் வீட்டிலும் எங்கள் மின்துறைதான் கரண்ட் கொடுக்கிறதா என்ன?

"இப்போது கரண்ட் வந்ததா? பாகூரில் வந்துவிட்டது" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

பதில் ஆங்கில எழுத்துகளில் தமிழாக வந்தது. "வந்துச்சி. உனக்கு எப்படித் தெரியும்?"

மீன் ஒரு பெண். என் வயதுதான். கிருமாம்பாக்கத்துக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். கணவருடையது ஊரில் கரும்பு போடும் குடும்பம். இவள் மாடி அறையில் உட்கார்ந்து, என்னைப் போலவே எங்கேயோ இருக்கும் கம்பெனிக்கு வேலை செய்கிறாள். எங்கள் இருவருக்கும் ஒரே துணைமின் நிலையம். அன்றிலிருந்து ஆங்கிலம் போய்விட்டது. வாடி போடி வந்துவிட்டது. "இவன் கேள்விய பாத்தியா? படிக்காமலே கேக்குறான்" என்று அவள் எழுதினால், அடுத்த வரியில் இருவரும் சேர்ந்து அவனுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்போம். அந்த மாதங்களில் எனக்கு முன்னறையில் மூச்சு முட்டவில்லை.

நேரில் பார்க்கலாம் என்று அவள்தான் சொன்னாள். கடலூர் சாலையில், கிருமாம்பாக்கம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி. இருக்கிறதில் நல்ல சுடிதாராகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போனேன். அவள் ஸ்கூட்டியில் வந்தாள். பப்ஸும் டீயும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பேச ஆரம்பித்ததும்தான் ஒரு வேடிக்கை தெரிந்தது. அந்த மொழியின் கலைச்சொற்களை நாங்கள் இருவரும் படித்திருக்கிறோம், எழுதியிருக்கிறோம், வாயால் சொன்னதே இல்லை. அவள் ஒரு மாதிரி உச்சரித்தாள், நான் ஒரு மாதிரி உச்சரித்தேன். எது சரி என்று இருவருக்கும் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பேக்கரிக்காரர் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"வாடி, வூட்டுக்குப் போலாம். அஞ்சே நிமிஷம். எங்க அத்தை வாழக்காய் பஜ்ஜி சூப்பரா போடுவாங்க. மேல என் ரூம்ல ரெண்டு ஸ்கிரீன் வெச்சிருக்கேன், காட்டுறேன்" என்றாள். நான் சரி என்பதற்குள் போனை எடுத்துவிட்டாள். "அத்தை, என் ஃப்ரெண்டு ஒருத்திய கூட்டினு வரேன்."

அந்தப் பக்கம் மாமியார் ஏதோ கேட்டார். அவள் போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்துக் கேட்டாள். "பாகூர்ல எந்தப் பக்கம்டி நீ?"

"காலனி" என்றேன்.

மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அவளிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் சொல்லி முடிக்கும்போதே அவள் முகத்தில் இருந்த சிரிப்பு என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றதைப் பார்த்தேன்.

அவள் போனில் சொன்னாள். "இல்லத்தை, அவளுக்கு நேரமாவுதாம். இன்னொரு நாள் வராளாம்."

நான் அப்படிச் சொல்லவேயில்லை. போனை வைத்துவிட்டு ஸ்கூட்டி சாவியைப் பார்த்துக்கொண்டே, "உனக்கு பஸ்சு போயிடும் இல்ல?" என்றாள். "ஆமா" என்றேன். மீதி டீயைக் குடித்தோம்.

பஸ்ஸில் வரும்போது கோபத்தில் காது சுட்டது. அந்த மாமியார் மேல் கோபப்படலாம் என்று பார்த்தால், பாவம், அவர் காதுக்கு விஷயம் போகவேயில்லை. வழியிலேயே இவள் நிறுத்திவிட்டாள். அவர் தெரிந்துகொண்டு வரவேண்டாம் என்றிருக்கலாம். வரட்டும் என்றும் சொல்லியிருக்கலாம். எனக்கு அது இனி தெரியப்போவதில்லை. அவளைக் கெட்டவள் என்று சொல்ல முடியவில்லை. அந்த வீட்டில் அவளுக்கு என்னென்ன பயமோ. ஆனால் அவள் பயத்தைப் புரிந்துகொள்ள வேண்டிய வேலையும் என் தலையிலேயே விழுந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதன் பிறகு அரட்டைப் பக்கத்தில் அவள் எனக்கு எதுவும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. மன்றத்தில் மற்றவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். நான் ஒரு கேள்வி போட்டபோது யார் யாரோ வந்தார்கள், அவள் வரவில்லை. முன்பு என் தப்புகளை ஒன்று விடாமல் பிடிப்பவள், இப்போது நான் வேண்டுமென்றே அரைகுறையாகப் பதில் எழுதி வைத்தும் கண்டுகொள்ளவில்லை. திருத்துவதற்குக்கூட ஒரு உறவு வேண்டியிருக்கிறது. முன்னறை மறுபடியும் பழைய முன்னறையாகிவிட்டது.

பிறகு ஒரு நாள் அவளே ஒரு கேள்வி போட்டாள். நாள் முழுக்க ஓடும் ஒரு நிரல். வருகிறவற்றை வகைவகையாக எண்ணி ஓர் அட்டவணையில் சேர்க்கிறது. காலையில் நன்றாக ஓடுகிறது, மாலைக்குள் கணினியின் நினைவகம் முழுவதையும் விழுங்கிவிட்டு விழுந்துவிடுகிறது. ஏன்? கேள்வியைப் படித்ததுமே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. இதே தப்பில் நான் என் வேலையில் நொந்து நூலாகியிருந்தேன். யாரும் சரியான பதில் சொல்லவில்லை. சுற்றிச் சுற்றி வேறெதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீம்புக்குச் சும்மா இருந்தேன். அவள் திரும்பவும் வந்து, அவசரம், வேலைக்கே ஆபத்து என்று எழுதினாள். மனசு கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், இரக்கம் பாதிதான். இதற்கு அவள் எப்படியும் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்ற ஆசைதான் மீதி.

அதனால் பழைய மாதிரியே தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினேன். "உன் நிரல் சாப்பிட்ட தட்டைக் கழுவாம தொட்டியிலயே போட்டுனு இருக்குது. எண்ணிக்கையக் கூட்டச் சொன்னா கூட்டாம, கூட்டணும்னு எழுதி மட்டும் வெச்சிக்கிது. சோம்பேறி அட்டவணைய வுட்டுட்டு, உடனே கழுவுற அட்டவணைய எடு. மேல ஒரே ஒரு வரிய மாத்துனா போதும்." மற்றவர்களுக்கும் புரிய வேண்டுமே என்று கீழே ஆங்கிலத்திலும் எழுதினேன்.

எழுதிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிடக்கூடப் போகவில்லை.

சாயங்காலம் பதில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. "மிக்க நன்றி. உங்கள் பதிலால் பிரச்சினை தீர்ந்தது."

எங்களுக்குள் நன்றி என்ற சொல் அதற்கு முன் வந்ததே இல்லை. நான் சரியாகச் சொன்னால் "அட ச்சே" என்பாள், இல்லையென்றால் "முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்று சண்டைக்கு வருவாள். நன்றி என்பது வழி சொன்ன ஆளிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போவதற்கு. அவள் மரியாதையாக, அழகாக, எனக்கு அதைச் சொல்லிவிட்டாள்.

அழுகை வந்தது. அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, நானும் ஆங்கிலத்திலேயே, "பரவாயில்லை, மேடம்" என்று எழுதி அனுப்பினேன்.