மருதவல்லி கட்டாத சேலை

ஆரணியில் பட்டுச்சேலையைக் கைகூப்பி விற்பவர்கள் உண்டு, தலையில் கட்டி விற்பவர்களும் உண்டு. அமிர்தா கதை சொல்லி விற்பாள். சமண நயினார் வீடு என்பதால் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். மற்ற வீடுகளில் குழம்பு கொதிக்கும் நேரத்தில், செல்போன் நேரலையில் உட்கார்ந்து நாலு சேலை தள்ளியிருப்பாள்.

இந்த வருஷம் அவள் விற்ற கதை மருதவல்லி. தலையணை கனத்துக்கு ஒரு நாவல்; அதை டிவித் தொடராக எடுத்திருந்தார்கள். கடைசிப் பாகத்தில், சமணக் குடும்பத்துப் பெண்ணான மருதவல்லி அரக்குப் பட்டு மினுமினுக்க மலைக்கோயில் படியேறுவாள். அமிர்தா நெசவாளர் ராமதாஸைப் பிடித்து அதே நிறத்தில் நெய்யவைத்து, 'மருதவல்லி சேலை' என்று பெயரும் வைத்துவிட்டாள். "நாவல்லயே வர்ற சேலைங்க" என்று நேரலையில் ஒரு பிட்டும் சேர்த்துப் போட்டாள். நாவலின் அட்டையைக்கூட அவள் பார்த்ததில்லை.

கண்ணமங்கலத்து ரேணுகாதேவி போன் செய்தார். மகன் கல்யாணத்துக்கு உறவுப் பெண்கள் அத்தனை பேருக்கும் அந்தச் சேலைதான்.

"ஒண்ணே ஒண்ணுமா. நாவல்ல அந்தச் சேலையப் பத்தி வர்ற வரிய அனுப்பு. பத்திரிகையில அச்சடிக்கணும்."

"அதுக்கின்னாங்க, அனுப்பறேன்."

வேலூரிலிருந்து புத்தகம் வந்தது. கணவன் பிரவீண் அதைக் கையில் தூக்கிப் பார்த்தான். "முடிவுதான் தெரியுமே. இத்தப் போய்ப் படிச்சிகினு இருப்பியா?"

"எனக்கு வேண்டியது ஒரு வரி."

சேலையைத் தேடிப் புரட்ட ஆரம்பித்தவள், கொஞ்ச நேரத்தில் சேலையை மறந்துவிட்டாள். தொடரில் கதவைத் திறந்தாலும் மூடினாலும் அழுத மருதவல்லி, நாவலில் ஊரோடு வாய்ச்சண்டை போடுகிறாள். பாதிக்கு மேல்தான் வில்லங்கம். சின்னப் பெண்ணாக, பட்டுக்கூட்டைக் கொதிநீரில் போடுவதைப் பார்த்தவள், இனி என் உடம்பில் பட்டு ஏறாது என்கிறாள். கடைசிவரை ஏறவில்லை. மலைக்கோயிலுக்கும் வெளுத்த நூல் சேலையில்தான் போகிறாள்.

அமிர்தா புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாள். சமணப் பெண் பட்டு கட்டிக் கோயிலேறுவதைப் பார்த்து ஊர் ஏமாறலாம், அவள் ஏமாறலாமா? அவள் வீட்டு வழக்கமே அதுதானே: கடைக்குப் பட்டு, கோயிலுக்கு நூல். 'நாம புழுவக் கொதிக்கவைக்கறமா, விக்கத்தானே விக்கறோம்' என்று அவள் வீட்டில் பரம்பரையாகச் சொல்லும் சமாதானத்தை நாவலில் ஒரு வியாபாரியும் சொல்கிறான். மருதவல்லி அவனை வாங்கு வாங்கென்று வாங்குகிறாள். அமிர்தாவுக்குச் சிரிப்பு வந்தது, சுருக்கென்றும் இருந்தது.

"யார் படிக்கப்போறாங்க? நீயே ஒரு வரி எழுதி அனுப்பு," என்றான் பிரவீண்.

"கல்யாணத்துல ஒருத்தி படிச்சிருந்தா? அந்தம்மா மானமும் போவும், நம்ம கடையும் போவும்."

மறுபடி புரட்டினாள். அப்போதுதான் சுபத்ரா கண்ணில் நின்றாள். மருதவல்லியின் தம்பி மனைவி, பட்டுப் பைத்தியம், தொடர்க்காரர்கள் வெட்டியெறிந்த ஆள். 'பட்டு கட்டினால் பாவம் என்றால், கட்டியவளைப் பார்த்து ரசிக்கும் உங்கள் தம்பிக்கும் அதில் பாதி சேரட்டும் அண்ணி' என்று நடுவீட்டில் நின்று சொல்கிறாள்.

அமிர்தா ரேணுகாதேவியைக் கூப்பிட்டாள். "நான் சொன்னது தப்புங்க. மருதவல்லி இந்தச் சேலையத் தொடவே மாட்டா. இது சுபத்ராவுக்குத்தான் பொருந்தும்." அந்த வரியையும் படித்துக் காட்டினாள்.

பிரவீண் நகத்தைக் கடித்தான்.

"திரும்பப் படி," என்றார் ரேணுகாதேவி. படித்தாள். "பாதி பாவம் மாப்பிள்ளைக்கா? அச்சடிச்சிட வேண்டியதுதான். எங்க வீட்டு ஆம்பளைங்களும் படிக்கட்டும். சேலைய ஜல்தி அனுப்பு."

அன்று நேரலையிலும் அமிர்தா சுற்றி வளைக்கவில்லை. "படிக்காம சொல்லிட்டேன், இப்பப் படிச்சிட்டுச் சொல்றேன்," என்று ஆரம்பித்து, சேலைக்குச் சுபத்ரா என்று பெயர் மாற்றினாள். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேண்டாம் என்றார்கள். செய்யாறிலிருந்து ஒருத்தி, மருதவல்லி கட்டினாளே, அந்த நூல் சேலை கிடைக்குமா என்று கேட்டாள். கமெண்டில் அதற்குக் கீழேயே இன்னும் நாலு பேர், எனக்கும், எனக்கும்.

அமிர்தா போனிலிருந்து கண்ணை எடுக்காமல் பிரவீணிடம் சொன்னாள்: "நாளைக்குக் காலையில நூல் தறிக்காரரு யாருனா இருக்காரான்னு விசாரிச்சிகினு வாங்க."