ஐம்பத்து மூன்று வயதில் தரையில் உட்காரப் பழகியது

குழந்தைகள் மனநல மருத்துவத்தில் நோயாளி ஒருவர்தான். கூட வருகிறவர்கள்தான் ஆறு பேர்.

இதை நான் ரொம்பத் தாமதமாகத் தெரிந்துகொண்டேன். திண்டுக்கல்லில் இருபத்தைந்து வருடமாகப் பெரியவர்களுக்கு மனநல வைத்தியம் பார்த்து வந்தவன் நான். வருகிறவர்களில் பாதிப் பேர், "சின்ன வயசுலேருந்தே இப்படித்தான் சார்" என்பார்கள். அந்தச் சின்ன வயதில் இவர்களைப் பார்க்க இந்தப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசிப்பேன். யோசித்து யோசித்துக் கடைசியில், கிராமத்துப் பிள்ளைகளுக்கான மனநல மருத்துவர்களை உருவாக்கும் ஒரு வருடப் பயிற்சியில் நானே போய்ச் சேர்ந்தேன்.

வியாழக்கிழமைதோறும் நிலக்கோட்டையில் ஒரு கிளினிக். சென்னையிலிருந்து வீடியோவில் எனக்குப் பாடம் எடுப்பவர் டாக்டர் வித்யா; என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர். வருடக் கடைசியில் அவர் நேரில் வந்து, நான் ஒரு குழந்தையைக் கவனிப்பதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் வியாழக்கிழமை கிளினிக் மூடப்படும். பெற்றோர் பழையபடி ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏற வேண்டியதுதான். ஐம்பதுக்கு மேல் மறுபடியும் மாணவரானவர்கள் இதைப் படித்தால், அந்த வருடம் எனக்கு எப்படிக் கழிந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

வேப்பமரத்தடி

முதல் பாடம், பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும். மேடம் சுலபமாகச் சொல்லிவிட்டார். ஆத்தூர்ப் பக்கமிருந்து, பள்ளிக்கூடம் போக மறுக்கும் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். கூடவே அப்பா, அம்மா, இரண்டு அத்தைகள், டியூஷன் வாத்தியார், எப்படியும் நிலக்கோட்டைக்கு வரவேண்டியிருந்த பக்கத்து வீட்டுக்காரர். நான் பிள்ளையைக் கேட்டால் பெரிய அத்தை பதில் சொன்னார். "செத்த நேரம் வெளியே இருங்களேன்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவரும் அசையவில்லை.

எங்கள் நர்ஸ் செல்வமேரி வாசலில் நின்று, "வேப்பமரத்தடியில சும்மாவே பிபி பாக்குறேன், வாரவுக வாங்க" என்று குரல் கொடுத்தார். அரை நிமிடத்தில் அறை காலி. அப்பா செருப்பைக்கூட விட்டுவிட்டுப் போய்விட்டார். வித்யா மேடத்திடம் சொன்னபோது, நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். அடுத்த வியாழக்கிழமை பெரிய அத்தை மட்டும் வந்து நின்றார். பிள்ளை எங்கே என்றேன்.

"அவ இப்ப ஒழுங்காப் பள்ளிக்கூடம் போறா சார், நான் பிபி பாக்க வந்தேன்."

அடம்

பிள்ளைகளின் மனது புரிய வேண்டுமென்றால் பிள்ளையாக நடித்துப் பார்க்க வேண்டும் என்பது இரண்டாவது பாடம். ஒரு நாள் மேடம் திரையில் டாக்டராக இருந்தார். நான் பள்ளிக்கூடம் போக மறுக்கும் பத்து வயதுப் பையன். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு எங்கிருந்தோ நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. மேசைக்குக் கீழே போய் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, "போக மாட்டேன், போ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தக் கோபம் இத்தனை வருடம் எங்கே இருந்தது என்று பிற்பாடு ஒரு வாரம் யோசித்தேன்.

அந்த நேரம் பார்த்து செல்வமேரி டீயோடு கதவைத் திறந்தார். திரை என் நாற்காலிப் பக்கம் திரும்பியிருந்ததால், அதில் மேடம் இருப்பது செல்வமேரியின் கண்ணில் படவில்லை. என் மனைவியை அவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார். டீயை மேசைமேல் வைத்துவிட்டுக் குனிந்து, மெதுவாகக் கேட்டார்:

"சார், அக்காவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிரவா?"

மல்லி சீசன்

ஒன்பதாம் வகுப்புப் பெண். வகுப்பில் தூங்கி விழுகிறாள், யாரோடும் சேர்வதில்லை, விளையாட வருவதில்லை என்று டீச்சர் கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார். நான் மனச்சோர்வு என்று முடிவுகட்டி, இரண்டு பக்கத்துக்கு எழுதி மேடத்துக்கு அனுப்பினேன். அவர் படித்துவிட்டு, "காலையில எத்தனை மணிக்கு எந்திரிக்கிறா சார்?" என்றார். நான் கேட்டிருக்கவில்லை. மல்லிகைத் தோட்டங்களைத் தாண்டித்தான் வாராவாரம் கிளினிக்குக்கு வருகிறேன். சென்னைக்காரருக்குத் தோன்றிய கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் கேட்டபோதுதான் தெரிந்தது, விடிகாலை மூன்றரைக்கு எழுந்து அப்பா அம்மாவோடு பூ எடுக்கிறாள். பூ மார்க்கெட் வேன் வருவதற்குள் மொட்டெல்லாம் பறித்தாக வேண்டும். பரீட்சை முடியும்வரை அவளை எழுப்பாமல் வேறு ஆள் வைத்துக்கொள்ள அப்பா சம்மதித்தார், முழு மனதோடு இல்லை. அவளிடம், "உனக்கு ஒரு வியாதியும் இல்ல தாயி" என்று பெரிய மனதோடு அறிவித்தேன்.

"அது எனக்குத் தெரியும் சார், எங்க டீச்சருக்குத்தான் ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

மேல்பல்

கடைசியில் அந்த வியாழக்கிழமை வந்தது. வித்யா மேடம் சென்னையிலிருந்து வந்து, மூலையில் ஒரு நாற்காலியில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார். வந்த குழந்தைக்கு ஏழு வயது. வீட்டில் வாய் ஓயாது. வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. பள்ளியில் சேர்ந்து இரண்டு வருடமாக அவள் குரலை டீச்சர் கேட்டதில்லை. "நீங்களாச்சும் பேச வைங்க சார்" என்றார் அம்மா. இப்படிப்பட்ட பிள்ளையிடம் கேள்வி கேட்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது செய்துகொண்டு, அவளாக வரும்வரை பொறுக்க வேண்டும். பேசியே பிழைத்தவனுக்கு இதைவிடக் கஷ்டமான பரீட்சை கிடையாது.

முழங்கால் சத்தம் போடத் தரையில் உட்கார்ந்தேன். தாளில் ஒரு ஆடு வரைந்தேன். சிரிக்கிற ஆடு, மேலும் கீழும் வரிசைக்கு ஆறு பல். பத்து நிமிடம் போயிற்று. பிறகு இன்னொரு ஐந்து. இது வைத்தியமா, நேரத்தைக் கொல்வதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மூலையில் பேனா எதையோ எழுதியது. ஏதாவது கேட்டுவிடலாம் என்று வாயைத் திறக்கப்போனபோது ஒரு சின்ன விரல் ஆட்டின் வாயில் வந்து நின்றது. "ஆட்டுக்கு மேல பல்லு கிடையாது" என்று காற்றுப்போல ஒரு குரல்.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். முதல் பேச்சுக்குக் கைதட்டினால் பிள்ளை மறுபடி மூடிக்கொள்ளும். எனவே நான் ஒன்றுமே நடக்காதவன்போல ரப்பரை எடுத்து, மேல் வரிசையை ஒவ்வொன்றாக அழித்தேன். அப்படியும் ஒன்று தப்பிவிட்டது. "இங்கன ஒண்ணு இருக்கு" என்றாள். அதையும் அழித்தேன்.

அவர்கள் போனபிறகு, "தேறிட்டேனா மேடம்?" என்று கேட்டேன். அவர் செல்போனில் எதையோ தேடிப் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார்.

"வியாழக்கிழமை இனி உங்களோடதுதான் சார், ஆனா அடுத்த வாரம் மாடு வரைஞ்சிராதீங்க, அதுக்கும் முன்னால மேல்பல்லு கிடையாதாம்."

இருபத்தைந்து வருடமாக நான் சொன்ன புத்திமதிகளில் எது யாருக்குப் பலித்தது என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை, ரப்பரால் அழித்த அந்த ஆறு பற்கள் பலித்தன என்பது மட்டும் நிச்சயம்.