பஸ்ஸில் கேட்ட ஒரு வாய் டானிக்

இன்று கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். என் மகள் ராணி சுவரைச் சுரண்டித் தின்கிறாள். இரும்புச்சத்துக் குறைவாம். டாக்டரம்மா பாட்டிலில் டானிக் ஊற்றி, அளவுக்குக் காகிதக் கோடு ஒட்டிக் கொடுத்தார்.

“ஒரு வேளைக்கு ஒரு கோட்டைத் தாண்டாதீங்க. அதிகமானா இதுவே விஷம்.”

பஸ்ஸில் பக்கத்தில் ஒரு பெண், மடியில் முகம் வெளுத்த பையனுடன் உட்கார்ந்திருந்தார். பாட்டிலில் என்ன என்று கேட்டார்; ராணி சுவர் தின்பதைச் சொன்னேன்.

“எம் பையனும் மண்ணு திங்கறான். அதுல ஒரு வாய் குடுங்கக்கா.”

பையனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“இது எம் பொண்ணு எடைக்குக் குடுத்ததும்மா. உம் பையனை டாக்டரம்மா பாத்துத்தான் குடுக்கணும்.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குருபரப்பள்ளியில் பஸ் நின்றதும் பையனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கோபம்தான் என்று நினைத்தேன். ஆனால் என் ஜன்னலோரம் வந்து நின்றார்.

“எதுத்த பஸ்ஸப் புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போறேன்க்கா. டாக்டரம்மா திட்டுவாங்களா?”

“திட்டுவாங்க. திட்டிட்டு டானிக்கும் ஊத்துவாங்க.”

சிரித்துக்கொண்டே சாலையைக் கடந்தார். எனக்கும் மனசு லேசானது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னால், “ஒரு வாய் குடுத்தா என்ன கொறஞ்சிடும்?” என்கிறார் என் வீட்டுக்காரர்.

நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. நீங்களாவது அவருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.